தேடல் அல்காரிதத்துக்குள் நடந்து பார்க்கலாம்: பிரவுசரில் ஒரு மெய்நிகர் புதிர்க்கூடம் அமைக்கும் முறை

இளநிலைக் கணினி அறிவியல் வகுப்பில் விளையாட்டையும் மெய்நிகர் உண்மையையும் எங்கே பயன்படுத்தலாம் என்று தேடுகிறவர்கள், பெரும்பாலும் கண்ணுக்குக் கவர்ச்சியான இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். வரிசையாக்க அல்காரிதத்தை முப்பரிமாணத் தூண்களாகக் காட்டுவது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்தப் பாடத்துக்குச் சாதாரணத் திரையே போதும். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு பார்ப்பதால் கழுத்து வலிதான் மிஞ்சும். ஆனால் வரைபடத் தேடலின், அதாவது இணைப்புக் கோடுகளால் கோக்கப்பட்ட முனைகளுக்கிடையே வழி தேடுவதன், நிலை வேறு. கரும்பலகையில் முனைகளையும் இணைப்புகளையும் வரைந்தவுடன் மாணவரின் கண் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்கிறது. குறுகிய வழி எது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பிறகு, ஒரு வழியில் போக முடிந்தவரை போய், முடியாதபோது பின்வாங்கும் ஆழம் முதல் தேடல் ஏன் முட்டுச்சந்துக்குள் போய்த் திரும்பி வருகிறது என்பது அவருக்கு முட்டாள்தனமாகப் படுகிறது. நிரலுக்குத் தெரிந்ததோ, தான் இப்போது நிற்கும் முனையும் அதன் அண்டை முனைகளும் மட்டுமே. அந்தக் குறுகிய பார்வையை மாணவருக்குக் கொடுப்பதற்கு மெய்நிகர் அறையைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை என்பது என் கருத்து.

கற்பித்தலுக்கும் இந்தத் தொழில்நுட்பத்துக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் காட்சிக் கருவியை 1968-இல் செய்து காட்டினார். புதியவர்களுக்கு நிரலாக்கம் கற்பிப்பதற்காக இன்று அறியப்படும் ஆலிஸ் என்ற மென்பொருளை, ராண்டி பாஷின் குழுவினர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மெய்நிகர் உலகங்களை விரைவாக உருவாக்கிப் பார்ப்பதற்கென்றே தொடங்கினார்கள். பின்னர்தான் அது கார்னகி மெலனில் பாடக் கருவியாக வளர்ந்தது.

நாம் பயன்படுத்தப்போவது ஏ-ஃப்ரேம். மொசில்லாவின் குழு 2015-இல் வெளியிட்ட இந்தக் கட்டற்ற மென்பொருள், த்ரீ.ஜேஎஸ் என்ற முப்பரிமாண வரைகலை நூலகத்தின் மேல் எழுப்பப்பட்டது. எச்டிஎம்எல் குறிகள் தெரிந்திருந்து, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷன் எழுதத் தெரிந்திருந்தால் போதும். விலையுயர்ந்த ஹெட்செட் தேவையில்லை. திரும்பும் திசையை உணரும் கைரோஸ்கோப் உள்ள ஒரு மொபைலும் அட்டையால் செய்த ஒரு வியூவரும் இருந்தால் சரி. குறிகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

படி 1: வரைபடத்தைத் தாளில் முடிவு செய்யுங்கள்

அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ என ஏழு அறைகள். அ-வுக்கு ஆ, இ ஆகியவற்றோடும், ஆ-வுக்கு ஈ, உ ஆகியவற்றோடும் இணைப்பு. இ-யும் உ-வும் தனித்தனியே ஊ-வோடு இணைகின்றன. ஊ-விலிருந்து எ-வுக்கு ஒரு கதவு. தொடக்கம் அ, புதையல் இருப்பது எ. ஆக மொத்தம் ஏழு இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் கதவு வேண்டும் என்பதால் பதினான்கு கதவுகள்.

இந்த வரைபடத்தை எளிமைக்காக மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. ஈ ஒரு முட்டுச்சந்து. அ, ஆ, உ, ஊ, இ ஆகிய ஐந்தும் ஒரு சுற்றாக அமைகின்றன. முட்டுச்சந்து இல்லாவிட்டால் பின்வாங்குதல் என்பதற்கே வேலை இருக்காது. சுற்று இல்லாவிட்டால், பார்த்த அறைகளை ஏன் குறித்து வைக்க வேண்டும் என்ற கேள்வி எழாது. நீங்கள் வேறு வரைபடம் வரைந்தாலும் இவை இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

படி 2: ஓர் அறையை மட்டும் கட்டுங்கள்

ஒரு வெற்று எச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியில் ஏ-ஃப்ரேம் நூலகத்தை ஸ்கிரிப்ட் குறியால் இணைத்து, பாடி பகுதிக்குள் ஏ-சீன் என்ற குறியைத் திறங்கள். அதற்குள் வருவதெல்லாம் முப்பரிமாண உலகம். இங்கே அளவுகள் மீட்டரில். ஒய் அச்சு மேல்நோக்கியது. உங்களுக்கு முன்னால் இருப்பது இசட் அச்சின் எதிர்ப்பக்கம்.

அறைக்கு ஒரு ஏ-பாக்ஸ் போதும்: அகலமும் ஆழமும் 6, உயரம் 3. பெட்டியின் நிலை என்பது அதன் மையத்தைக் குறிப்பதால், தரை பூஜ்யத்தில் அமைய வேண்டுமானால் ஒய் மதிப்பு 1.5 ஆக இருக்க வேண்டும். இதைச் செய்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் அறை தெரியாது, வெட்டவெளிதான் தெரியும். காரணம், ஒரு பரப்பின் வெளிமுகத்தை மட்டும் வரைவதே இயல்பான அமைப்பு, நாமோ பெட்டிக்கு உள்ளே நிற்கிறோம். மெட்டீரியலில் சைட் என்ற பண்புக்கு பேக் என்று மதிப்புக் கொடுத்தால் சுவர்கள் உடனே எழுந்து நிற்கும்.

கதவுக்கு 1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட ஏ-பிளேன் ஒன்றை வையுங்கள். சுவர் 3 மீட்டர் தொலைவில் இருக்கிறது, கதவை 2.95-இல் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே தளத்தில் வைத்தால் எதை முன்னால் காட்டுவது என்று கிராபிக்ஸ் சில்லு தடுமாறி, தலையை அசைக்கும்போதெல்லாம் கதவு மினுமினுக்கும். பக்கச் சுவர்களுக்குக் கதவை ஒய் அச்சில் 90 பாகையோ -90 பாகையோ திருப்ப வேண்டும். தவறான பக்கம் திரும்பியிருந்தால் கதவே கண்ணுக்குப் படாது. கண்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் இன்ஸ்பெக்டர் திறக்கும். காணாமல்போன பொருள்களை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

படி 3: கதவின் மேல் தமிழ் எழுத்து

ஏ-ஃப்ரேமின் டெக்ஸ்ட் வசதியோடு வரும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. ஆகவே ஏழு எழுத்துகளையும் ஏதாவது ஒரு பட மென்பொருளில் 256-க்கு 256 பிக்சல் அளவில் தனித்தனிப் படங்களாகச் சேமித்து, கதவுக்கு மேலே ஒரு சிறு பிளேனில் ஒட்டுங்கள். கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் பிரவுசரின் பாதுகாப்பு விதி இந்தப் படங்களைத் தடுத்துவிடும். பைத்தானுடன் வரும் எளிய சர்வரையோ, விஎஸ் கோடின் லைவ் சர்வர் நீட்சியையோ இயக்கி அதன் வழியாகத் திறப்பது நல்லது.

படி 4: பார்வையால் கதவைத் திறத்தல்

அட்டை வியூவரில் தலையைத் திருப்பலாமே தவிர நடக்க முடியாது, கைக்கருவியும் இல்லை. எனவே கதவை உற்றுப் பார்த்தால் அடுத்த அறைக்குத் தாவும்படி செய்கிறோம். கேமராவின் உட்பிள்ளையாக ஏ-கர்சர் ஒன்றை வைத்து, ஃப்யூஸ் என்ற பண்பை இயக்குங்கள். ஒரு பொருளின் மேல் பார்வை ஒன்றரை நொடி நிலைத்தால் அது சொடுக்காகக் கொள்ளப்படும். கர்சர் சுவர்களைக் கண்டுகொள்ளாமல் கதவுகளை மட்டும் கவனிப்பதற்கு, கதவுகளுக்கு ஒரு கிளாஸ் பெயர் கொடுத்து, பார்வைக் கோடு எதில் படுகிறது என்று கண்டறியும் ரேகாஸ்டரில் அந்தப் பெயரை மட்டும் குறிப்பிட வேண்டும்.

கேமராவை நேரடியாக நகர்த்தாதீர்கள். அதன் நிலையை ஹெட்செட் தன் கணக்குப்படி மாற்றிக்கொண்டே இருக்கும். கேமராவை ஒரு வெற்று ஏ-என்டிட்டிக்குள் வைத்து, வழக்கப்படி அதற்கு ரிக் என்று ஐடி கொடுத்து, தாவும்போது ரிக்கின் நிலையை மாற்றுங்கள். விசைப்பலகையால் நடக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லையேல் மாணவர்கள் முதல் நிமிடத்திலேயே சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் முழு வரைபடத்தையும் பார்த்துவிடுவார்கள். அறையிலிருந்து அறைக்கு வழுக்கிச் செல்லும் அசைவூட்டமும் வேண்டாம். உடல் அசையாதபோது கண் மட்டும் நகர்வதாக உணர்ந்தால் பலருக்குக் குமட்டல் வரும். சட்டென்று தாவுவது பாதுகாப்பானது.

இங்கே ஒரு சிக்கல் கட்டாயம் வரும். புதிய அறையில் நுழைந்ததும் பார்வை அதே திசையில் இருப்பதால், அங்கும் எதிரே கதவு இருந்தால், மாணவர் சுதாரிப்பதற்குள் அடுத்த அறைக்கு இழுத்துச் செல்லப்படுவார். அறைக்குள் நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, முதல் மூன்று நொடிகளில் வரும் சொடுக்குகளை நிரல் புறக்கணிக்கட்டும். ஒரே பார்வைக்கு ஃப்யூஸ் ஒரு முறைதான் வெடிக்கும். ஆகவே கண்ணை எடுத்துவிட்டு மீண்டும் பார்த்தால்தான் கதவு திறக்கும். அறையைச் சுற்றிப் பார்க்க வைப்பதற்கும் இது உதவுகிறது.

படி 5: பட்டியலிலிருந்து ஏழு அறைகள்

ஓர் அறை சரியாக இயங்கிய பிறகு, மற்றவற்றைக் கையால் எழுதாதீர்கள். ஒவ்வோர் அறைக்கும் அதன் அண்டை அறைகளைச் சொல்லும் பட்டியலை ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஆப்ஜெக்டாக எழுதி, அதன் மீது லூப் ஓட்டி அறைகளையும் கதவுகளையும் உருவாக்குங்கள். பாடத்தில் அண்டைப் பட்டியல் என்று படிப்பது இதையேதான். அறைகளை எக்ஸ் அச்சில் 20 மீட்டர் இடைவெளியில் 0 முதல் 120 வரை நிறுத்தினால் போதும். தாவித்தான் போகிறோம் என்பதால் அறைகள் ஒட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. கதவு எந்தச் சுவரில் இருக்கிறது என்பதும் வரைபடக் கோட்பாட்டுக்கு ஒரு பொருட்டல்ல.

ஏற்கெனவே சென்ற அறைக்கு இட்டுச்செல்லும் கதவு சாம்பல் நிறமாக மாறட்டும். எ அறையில் ஒரு மஞ்சள் கோளம் மெதுவாகச் சுழலட்டும். மொபைலில் பார்ப்பதற்கு எச்டிடிபிஎஸ் முகவரி தேவை. கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் இலவசமாகக் கிடைக்கும்.

படி 6: இருவர் விளையாடும் முறை

ஒருவர் சுழல் நாற்காலியில் அமர்ந்து வியூவரை அணிகிறார். மற்றவர் தாளும் பேனாவுமாக அருகில் இருக்கிறார். அணிந்திருப்பவர் புதிய அறைக்குள் நுழையும்போது அதன் எழுத்தைச் சொல்ல, மற்றவர் அதை ஸ்டாக்கின் (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கின்) மேல் எழுதுகிறார்; போக வழியில்லை என்று சொன்னால், மேலே உள்ள எழுத்தை அடித்துவிட்டு அதற்குக் கீழே உள்ளதைப் படிக்கிறார், அணிந்திருப்பவர் அந்த அறைக்குத் திரும்புகிறார். நிறம் மாறாத கதவுகளில் அகர வரிசைப்படி முந்தியதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி.

விதியைப் பின்பற்றினால் பயணம் இப்படி அமையும்: அ, ஆ, ஈ, மீண்டும் ஆ, உ, ஊ, இ, மீண்டும் ஊ, கடைசியில் எ. எட்டுத் தாவல்கள். அப்போது தாளில் அடிபடாமல் இருப்பவை அ, ஆ, உ, ஊ, எ. அதாவது ஸ்டாக்கே கண்டுபிடித்த வழியாக நிற்கிறது. இ-க்குள் நுழைந்ததும், அங்கிருந்து அ-வுக்குப் போகும் கதவு சாம்பல் நிறத்தில் இருப்பதை மாணவர் பார்ப்பார். ‘அட, இது நான் புறப்பட்ட இடத்துக்குப் போகிற கதவாயிற்றே’ என்று அவரே சொன்னால், மூன்று கதவுகளில் முடிந்திருக்க வேண்டிய வழியை ஆழம் முதல் தேடல் நான்கு கதவுகளாக்கியிருக்கிறது என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

அடுத்து, ஸ்டாக்குக்குப் பதில் கியூ, அதாவது முதலில் சேர்ந்தது முதலில் வெளியேறும் வரிசை. இதுதான் அகலம் முதல் தேடல். இப்போது தாளில் இருப்பவர் புதிய கதவுகளின் எழுத்துகளை வரிசையின் கடைசியில் சேர்த்து, முன்னால் இருப்பதை எடுத்து ‘அங்கே போ’ என்கிறார். ஆ முடிந்து இ, இ முடிந்து ஈ என்று வரும்போது, இ-யிலிருந்து ஈ-க்குப் போக அ, ஆ வழியாக மூன்று கதவுகளைக் கடக்க வேண்டியிருக்கும். நடப்பவருக்கு அலுப்புத் தட்டும். அகலம் முதல் தேடல் கால்நடையாகச் செய்யும் வேலையன்று, நினைவகத்தில் எந்த முனைக்கும் உடனே தாவ முடிவதால்தான் கணினிக்கு அது மலிவாக இருக்கிறது என்பது அந்த அலுப்பிலிருந்தே புரிந்துவிடும். புதிர்வழியில் குறுகிய பாதை காண எட்வர்ட் மூர் 1959-இல் இந்த முறையை வெளியிட்டார். ஆழம் முதல் நடையை, வந்த வழியைக் குறித்துக்கொண்டு போகும் விதியாக, 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் திரெமோ சொல்லிவிட்டார்.

ஒருவர் தொடர்ந்து ஐந்து நிமிடங்களுக்கு மேல் வியூவரை அணிந்திருக்க வேண்டாம். தலைசுற்றல் வருகிறவர்கள் அதே பக்கத்தைக் கணினித் திரையில் மவுசால் திருப்பிப் பார்க்கட்டும். பாடத்துக்கு அதனால் பெரிய குறை வராது. வெளியே வந்ததும், கூடத்தின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பிறகு சாம்பல் நிறம் மாறும் வசதியை நீக்கிவிட்டு அடுத்த இருவரை அனுப்புங்கள். அகர வரிசை விதிப்படி அ, ஆ, அ, ஆ என்று அவர்கள் மாறி மாறிப் போய்வரத் தொடங்கும்போது, நிரலில் எந்த வரி விடுபட்டது என்று வகுப்பைக் கேட்கலாம்.