விடுதி மாணவர்கள் உடலமைப்பை அறிந்து உண்பது எப்படி?

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் தங்கள் உடல்நிலையை எடைக் கருவி காட்டும் எண்ணைக் கொண்டு மட்டும் முடிவு செய்துவிடக் கூடாது; உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அந்த எண் சொல்வதில்லை. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு இதை விளக்கினார்கள். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண் (BMI). இருவருக்கும் அது 22.3 தான்; ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கைகால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருக்கும் நம் பிள்ளைகள் பலரின் நிலை இதுதான்.

ஆகவே, தையற்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கான வரம்பு; அதைத் தாண்டினால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். உடற்பயிற்சிக் கூடத்துக் கருவி காட்டும் கொழுப்புச் சதவீதம் உடலின் நீரளவைப் பொறுத்து மாறும் என்பதால், அதை ஒரே நாளில் நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது தட்டு. மெஸ் சாப்பாட்டின் பெருங்குறை, சோறு குவிந்து புரதம் குறைந்துபோவதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராமும், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலில் ஏறத்தாழ 10 கிராமும் கிடைக்கும். சாம்பார் அண்டாவில் பருப்பு அடியில் தங்கிவிடுவதால், பரிமாறும் அண்ணனிடம் அடியிலிருந்து கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் முறை சோறு வாங்குவதற்குப் பதிலாகப் பொரியலையும் தயிரையும் கேட்டு வாங்குங்கள்.

காலை உணவை விட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு கேன்டீனில் பஃப்ஸும் டீயுமாகப் பசியாறுவதுதான் பலரைக் கெடுக்கிறது. டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று நாளொன்றுக்கு நான்கு டீ குடித்தாலே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்ந்துவிடும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுப்பதால், குறிப்பாக மாணவிகள் ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது.

பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். வாரம் இரண்டு நாளாவது தண்டாலும் பஸ்கியும் எடுங்கள்; அறைக்குள்ளேயே செய்யலாம். உடல் நிறைக் குறியீட்டெண் 18.5க்குக் கீழே இருந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலோ, உணவைக் குறைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.