'நெகட்டிவ்' என்ற ஒரு வரியை நம்பி ஃபைலை மூடாதீர்கள்

பதினெட்டு வருஷமாக லேபில் வேலை பார்க்கிறேன். 'ஹெபடைட்டிஸ் பி சர்ஃபேஸ் ஆன்டிஜென்: நெகட்டிவ்' என்று எத்தனை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருப்பேனோ, கணக்கே இல்லை. என் சித்தப்பாவின் ஃபைலிலும் அதே வரி இருந்தது. ஹெபடைட்டிஸ் சி வந்து கல்லீரல் சுருங்கிப்போனவர் அவர். மாத்திரையில் சி வைரஸ் போய்விட்டது. அப்புறம் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது, அதற்கு ரிடுக்ஸிமாப் ஊசி போட வேண்டும் என்றார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து அது, தூங்கிக் கிடக்கும் பி வைரஸை எழுப்பிவிடலாம். ஃபைலைப் புரட்டினால், பி வைரஸுக்கென்று செய்திருந்தது அந்த ஒரே ஒரு டெஸ்ட்தான்.

அது போதாது. சர்ஃபேஸ் ஆன்டிஜென் என்பது வைரஸின் மேல்சட்டை. உள்ளே இருக்கும் டி.என்.ஏ., கல்லீரல் செல்லின் உட்கருவில் ஒரு வளையமாகத் தங்கிவிடும். ரத்தத்தில் சட்டை மறைந்து பல வருஷம் ஆன பிறகும் அந்த வளையம் அங்கேயே கிடக்கும். சி வைரஸ் உள்ளவர்களிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது. ஏற்கெனவே சேதமான கல்லீரலில் பி வைரஸும் விழித்துக்கொண்டால் தாங்காது.

முதலில் டாக்டரிடம் 'ஹெபடைட்டிஸ் பி கோர் ஆன்டிபாடி, டோட்டல்' பார்க்கலாமா என்று கேளுங்கள். வைரஸின் உள்பகுதியை எதிர்த்து உடல் உருவாக்கிய ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட் இது. 'டோட்டல்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் அதற்குப் பக்கத்திலேயே ஐ.ஜி.எம். என்று இன்னொரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதில் டிக் விழுவதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். ஐ.ஜி.எம். முக்கியமாகப் புதிய தொற்றைக் காட்டுவது. பழைய தொற்றை டோட்டல்தான் சொல்லும். கூடவே சர்ஃபேஸ் ஆன்டிபாடியும் பாருங்கள். அது மட்டும் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் தடுப்பூசியின் வேலை. கோர் ஆன்டிபாடியும் சேர்ந்து இருந்தால் வைரஸ் எப்போதோ உள்ளே வந்துபோயிருக்கிறது.

ரத்தம் கொடுக்குமுன் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில மெஷின்களில் அது ரிசல்ட்டையே தலைகீழாக்கிவிடும். சமீபத்தில் இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்களா? அப்படியானால் கொடுத்தவரின் ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் தெரியலாம்.

கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் பதற வேண்டாம், பலருக்கு அது வெறும் பழைய தழும்பு. அடுத்தது பி வைரஸ் டி.என்.ஏ. டெஸ்ட். இதன் ரிப்போர்ட்டை நிதானமாகப் படியுங்கள். 'கண்டறியப்படவில்லை' என்பது வேறு, 'கண்டறியப்பட்டது, அளவிட முடியாத அளவு குறைவு' என்பது வேறு. இரண்டாவதையும் நெகட்டிவ் என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. மறைந்திருக்கும் தொற்றில் அளவு வழக்கமாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 ஐ.யூ.வுக்குக் கீழேதான் இருக்கும், அதுவும் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. ஒரே ஒரு நெகட்டிவ் எல்லாவற்றையும் முடித்துவிடாது. சிலருக்குக் கோர் ஆன்டிபாடிகூட இருக்காது. காரணம் தெரியாமல் கல்லீரல் என்சைம் ஏறினால் டி.என்.ஏ. பார்ப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

எப்போது அவசரம்? ரிடுக்ஸிமாப், கீமோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு, எலும்பு மஜ்ஜை மாற்று, இவற்றில் எதையும் தொடங்குமுன். ஹெபடைட்டிஸ் சி மாத்திரைக்கு முன்பும்தான்: சி வைரஸ் பி-யை அமுக்கி வைத்திருக்கும், சி போனதும் பி தலைதூக்கலாம். சர்ஃபேஸ் ஆன்டிஜென் நெகட்டிவ் ஆனவர்களுக்கு அது அபூர்வம். ஆனாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது.

சித்தப்பாவுக்குக் கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ். ஊசிக்கு முன்பே பி வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரை தொடங்கினார்கள். அதை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி. சித்தி ராத்திரி படுக்கப்போகும்போது கொடுத்தார். கடைசி ஊசி முடிந்ததும் "இன்னும் எதுக்கும்மா இது?" என்று என்னிடம் கேட்டார். ரிடுக்ஸிமாப் நின்ற பிறகும் குறைந்தது 12 மாதம், பெரும்பாலும் 18 மாதம் வரை தொடரச் சொல்வார்கள். நிறுத்திய பிறகும் ஒரு வருஷமாவது ரத்தம் பார்ப்பார்கள். நாமாக நிறுத்தினால் வைரஸ் சீறி எழலாம்.

கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் எப்படியும் உண்டு, அதை விடாதீர்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் நானே பெரிதாக எழுதினேன்: 'பி கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ்'. பல் டாக்டரிடம் போனாலும் அந்த ஃபைல்தான் கையில் போகிறது.