கொழும்பில் சோலார் பொருத்துமுன்: அனுமதி விடயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூரையில் சோலார் பனல் பொருத்த முன்வருவோரில் பலர், மின் விநியோக நிறுவனத்தின் இசைவு கிடைத்ததும் எல்லா அனுமதியும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. விநியோக நிறுவனம் பார்ப்பது மானி, கம்பி, மின்மாற்றி ஆகியவற்றையே. கூரை யாருடையது, கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பவை அதன் வேலையல்ல. உயரத்தையும் கட்டட வரைபடத்தையும் பார்ப்பவை மாநகர சபையும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபையுமாகும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதித் தொடர்மாடிகளில் மேல்மாடி வீட்டுக்காரர் மொட்டை மாடியைத் தமது உரித்தாகவே கருதிவிடுவதுண்டு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கட்டடங்களில் கூரை பொதுவாக எல்லோருக்கும் சொந்தமான பொதுக்கூறாகும். ஆகவே, வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி அங்கு ஒரு ஆணிகூட அறையக் கூடாது. தலைவர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னது, அடுத்த ஆண்டு புதிய குழு வந்ததும் செல்லாமற் போகலாம். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பவற்றை அறிக்கையில் பதிந்து, அதன் பிரதியைக் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

அடுத்தது, நான் மிகவும் கவலைப்படும் தவறு. துணி உலர்த்தவும் தண்ணீர்த் தாங்கியைத் துப்புரவாக்கவும் இடம் வேண்டுமென்று, ஆள் நடமாடும் உயரத்துக்கு இரும்புத் தூண்களை நிறுத்தி அதன்மேல் பனல்களைப் பரப்புகிறார்கள். சில மாதங்களில் மழைச்சாரலைத் தடுக்கவெனப் பக்கங்களில் அமானோ எனப்படும் கூரைத் தகடு ஏறுகிறது. பின்னர் ஒரு கதவும் வருகிறது. அப்போது அது அனுமதியற்ற மேலதிக மாடியாகக் கணிக்கப்படும் நிலைக்கு வந்துவிடுகிறது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத இந்தத் தளம், வீட்டை விற்கும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோதான் தலைவலியாக எழும்; ஏனெனில் சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழுக்கும் கட்டடத்துக்கும் பொருத்தம் இராது. உயர்த்திய சட்டகம் வேண்டுமாயின், பட்டயப் பொறியியலாளரின் வரைபடத்துடன் மாநகர சபையில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய வீதிகளில் உப்புக்காற்று இரும்பை அரிப்பதால், காற்றின் வேகத்துக்கும் துருவுக்கும் ஈடுகொடுக்கும் சட்டகமா என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

பக்கத்துக் காணியை மறந்துவிடுவோரும் உண்டு. அங்கு இன்று ஒற்றை மாடி வீடு இருக்கலாம்; நாளை உயர்ந்த கட்டடம் எழுந்தால் அதன் நிழல் உங்கள் பனல்களில் விழும். ஆனால் அந்த வலயத்தில் எத்தனை மாடிக்கு இடமுண்டு என்பதை அபிவிருத்தித் திட்டத்தில் பார்க்காமல் இருபது ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவது வீண்.

மின்மாற்றி விடயத்தில் அவசரம் கூடாது. உங்கள் இணைப்புக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மின்கேள்வியும் (உச்ச மின் தேவை), அப்பகுதி மின்மாற்றியில் மிஞ்சியிருக்கும் கொள்ளளவும் எத்தனை கிலோவாற் சோலார் பொருத்தலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. அயல்வீடுகளில் ஏற்கெனவே பல பொருத்தப்பட்டிருந்தால் உங்கள் விண்ணப்பம் குறைக்கப்படலாம் அல்லது நிறுத்தப்படலாம். ஆகையால், விநியோக நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதிக்கு முன், சோலார் பொருத்தும் நிறுவனத்துக்கு முழு முற்பணம் செலுத்த வேண்டாம். அனுமதி மறுக்கப்பட்டால் பணம் திரும்பும் என்ற வாசகத்தை விலைமனுவில் கேட்டு எழுதுவியுங்கள். மின் வலையமைப்பின் நெருக்கடி வெறும் பேச்சல்ல: 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்கேள்வி வெகுவாகக் குறைந்து, உற்பத்தி தேவையை மிஞ்சும் நிலை வந்ததால், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது.

மின்வெட்டிலும் சோலார் வீட்டுக்கு ஒளி தரும் என்ற நம்பிக்கையும் பிழையானது. பழுதுபார்க்கும் ஊழியர்களின் உயிர்ப் பாதுகாப்புக்காக, வலையமைப்பில் மின் இல்லாதபோது சாதாரண இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும். பேட்டரியும் அதற்குரிய இன்வேர்ட்டரும் இருந்தால் மட்டுமே விளக்கு எரியும். இதனால் சிலர் ஜெனரேட்டரை நாடி, வேறொரு விதியில் சிக்குகின்றனர். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, மாநகர சபை எல்லைக்குள் அனுமதிக்கப்பட்ட அளவு காலை 6 முதல் மாலை 6 வரை 63 டெசிபல், இரவில் 50 டெசிபல். பாடசாலை, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 100 மீற்றருக்குள் பகலில் 50, இரவில் 45 மட்டுமே. இது இயந்திரத்தின் அருகில் அன்றி, காணியின் எல்லையில் அளக்கப்படுவதால், ஜெனரேட்டரை அயலவரின் படுக்கையறைச் சுவரோரம் வைத்துவிட்டு, விலைகூடிய ஒலித்தடுப்புக் கூடு வாங்கியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட முடியாது.