கொல்லைப்புறத் தளத்துக்குக் கான்கிரீட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒருவர், மாலையில் உட்காரவும் துணி உலர்த்தவும் வசதியாக இருக்கட்டும் என்று வீட்டின் பின்புறம் ஒரு தளம் போட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் இரண்டிரண்டு மூட்டையாகச் சிமெண்டு வந்து இறங்குவதைப் பார்த்தபோதே, கணக்குத் தப்பிப் பாதி வேலையில் சிமெண்டு தீர்ந்துபோயிருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த வீட்டிலேயே நானும் அதே தவறைத்தான் செய்தேன். கலவை வழியாமல் ஓரத்தில் நிறுத்தும் பலகைக்கு முட்டுக் கொடுப்பது, கலவையில் மண் சேராமல் பார்த்துக்கொள்வது போன்றவற்றை மேஸ்திரியே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆழத்தை ஓரத்தில் மட்டும் அளப்பது

என் தளம் சுவரை ஒட்டி 20 அடி நீளம், வெளிப்பக்கமாக 12 அடி அகலம், 4 அங்குலக் கனம். பெருக்கிப் பார்த்தால் 80 கன அடி. ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்று கலந்தால், 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 4.4 கன அடி கான்கிரீட் கிடைக்கும். அந்தக் கணக்கில் 19 மூட்டை வாங்கி அடுக்கிவிட்டு, தாளில் போட்ட கணக்கு சரியாக இருந்ததால் வேலையும் சரியாக இருக்கும் என்று நம்பினேன்.

பலகையின் உயரத்தைத்தான் அளந்திருந்தேனே தவிர, பலகைகளுக்கு நடுவே தரை எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. முன்பு அங்கே நின்ற தென்னையின் தூரை எடுத்துவிட்டுக் குழியைச் சரளை கொட்டி மூடியிருந்தோம். திமிசு போட்டு இடித்த பிறகு நடுப்பகுதி இறங்கியிருந்தது, அதைப் பரப்பி மட்டப்படுத்தவில்லை. அது கனத்தில் சராசரியாக அரை அங்குலத்தைக் கூட்டியது. அதைவிடப் பெரிய பிழை சரிவில் இருந்தது. மழைநீர் வெளியே ஓடுவதற்காக அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் வீதம் மேற்பரப்புக்குச் சரிவு கொடுத்தோம். ஆனால் அடித்தரையைச் சமமட்டமாகவே விட்டுவிட்டோம். 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் என்றால், வெளி ஓரத்தில் 4 அங்குலமாக இருந்த கனம் சுவரோரத்தில் ஐந்தரை அங்குலமாகிவிடும். எல்லாம் சேர்த்துச் சராசரிக் கனம் ஐந்தே கால் அங்குலம். தேவைப்பட்டது 105 கன அடி, அதாவது 24 மூட்டை.

ஒன்றே கால் அங்குலம் என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஆனால் 4 அங்குலத் தளத்தில் ஓர் அங்குலம் கூடினாலே கலவையில் கால் பங்கு கூடிவிடுகிறது. நீளத்திலோ அகலத்திலோ ஓர் அங்குலம் தவறினால் ஓரிரு பாண்டுக் கலவைதான் மாறும். ஆயினும் எல்லோரும் நீள அகலத்தை இரண்டு முறை அளந்துவிட்டு, கனத்தை வாயால் சொல்லிவிடுகிறார்கள்.

பாதித் தளம் முடிந்தபோதே 12 மூட்டை காலியாகியிருந்தது, 7 மூட்டைதான் மீதம். அப்போது யாராவது காலிச் சாக்குகளை எண்ணியிருந்தால் கடை திறந்திருந்த நேரத்திலேயே ஆளை அனுப்பியிருக்கலாம், யாரும் எண்ணவில்லை. கடைசி மூட்டைகள் இருந்தபோதுதான் விழித்தோம். "ஜல்லியைக் கொஞ்சம் தூக்கிப் போட்டா இழுத்துடலாம் சார்" என்றார் மேஸ்திரி, நானும் தலையாட்டினேன். இன்றைக்கும் என்னை எரிச்சலூட்டுவது அந்தத் தலையாட்டல்தான். அப்படி இழுத்தும் கடைசி நான்கடி நீளம் வெறும் சரளையாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சித்திரை வெயில். தெரிந்த ஒருவரின் வேலை நடக்குமிடத்திலிருந்து 5 மூட்டை கொண்டுவருவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் போட்டிருந்த கான்கிரீட்டின் ஓரம் இறுகிப்போய், புதுக் கலவை அதனோடு பிடிக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்த இணைப்புக் கோடு வாய் திறந்தது, எறும்பு புற்று வைத்தது. சிமெண்டு குறைத்துப் போட்ட பகுதியோ பெருக்கப் பெருக்கப் புழுதியாக வந்தது.

இப்போது நான் செய்யும் முறை இது. மேற்பரப்பு எங்கே வர வேண்டுமோ அந்த மட்டத்தில் சரிவோடு நூல் கட்டி, நான்கடிக்கு ஓரிடம் வீதம் நூலிலிருந்து தரை வரை அளக்கிறேன். 20-க்கு 12 தளத்தில் 24 அளவுகள் வரும். அவற்றின் சராசரியே கனம். மேட்டையும் பள்ளத்தையும் கான்கிரீட்டால் நிரப்புவதைவிடச் சரளையால் திருத்துவது மலிவு என்பதால், சரிவை அடித்தரையிலேயே கொடுத்துவிடுகிறேன். சேதாரத்துக்கு ஒரு மூட்டையோ இரண்டோ கூடுதலாக வாங்குகிறேன். மிஞ்சினால் வேறு வேலைக்கு ஆகும். நடுவே 10 அடியில் ஒரு பலகையை நிறுத்தி இரண்டு பாத்தியாகப் போடுகிறேன். முதல் பாத்தி முடிந்ததும் காலிச் சாக்குகளை எண்ணினால் அடுத்ததற்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அப்படியும் பற்றாக்குறை வந்தால் வேலை அந்தப் பலகையோடு நேராக நிற்கும், மறுநாள் தொடரலாம்.

ஈர மணலை உலர்ந்த மணலாகக் கணக்கிடுவது

ஈரம் பட்ட மணல் உப்பி நிற்கும். கால் பங்கு வரைகூட உப்புவதுண்டு. ஒன்றரைப் பெட்டி என்று அளந்து கொட்டினாலும் உள்ளே போவது அதைவிடக் குறைவுதான். ஆகவே மூட்டைக்குக் கிடைக்கும் கான்கிரீட்டும் குறைகிறது. ஒரு வாளியில் ஈர மணலை நிரப்பி உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதே மணலைத் தண்ணீருக்குள் போட்டுக் குத்திப் பாருங்கள். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு உப்பல். கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்டுக்கும் இது பொருந்தும்.

கலவை ஓடட்டும் என்று தண்ணீர் விடுவது

மூட்டைக்கு 25 லிட்டர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. குழாயைக் கலவை இயந்திரத்துக்குள் விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பும் ஆளிடமிருந்து குழாயை வாங்கிவிடுங்கள்.

சுவரை நோக்கிச் சரிவு

கூடவே கூடாது.

மேலே நீர் நிற்கும்போது சிமெண்டைத் தூவி மெழுகுவது

பளபளக்கும், பிறகு செதிலாக உரியும்.

வெட்டுக்கோடு விடாமல் போடுவது

கான்கிரீட் காயும்போது சுருங்கும். எங்கே வெடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதுவே இடம் தேடிக்கொள்ளும். 4 அங்குலத் தளத்துக்கு எட்டு முதல் பத்தடிக்கு ஒரு கோடு, ஓர் அங்குல ஆழம். 12 அடி அகலத்துக்கும் குறுக்கே ஒன்று விடுவது நல்லது.

இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு நிறுத்துவது

சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாவது வகைதான். நம் கோடையில் 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவான தளத்தில் நீர் தேக்கக் கலவையால் பாத்தி கட்டினாலும் நீர் ஒரு பக்கமே தேங்கும். ஈரச் சாக்கைப் பரப்பி, காலையும் மாலையும் நனைப்பதே எளிது. காலியான சிமெண்டுப் பைகள் இப்போது பிளாஸ்டிக்கில் வருவதால் அவை நீரைப் பிடிக்காது. சணல் சாக்கைத் தேடி வாங்குங்கள்.