‘வீ நோ த டெவில்’: ஒரு குயர் விஷுவல் நாவலை எடைபோடுவது எப்படி?

குயர் கதை, அதாவது தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள், ட்ரான்ஸ் மனிதர்கள் போன்றோரின் கதை சொல்லும் விளையாட்டு ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது, அதில் எத்தனை குயர் பாத்திரங்கள் வருகிறார்கள் என்று எண்ணுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எண்ணிக்கையை விடுங்கள். விளையாட்டு உங்கள் கையால் எதைச் செய்ய வைக்கிறது என்று பாருங்கள். இதைப் பழகிக்கொள்ள ‘வீ நோ த டெவில்’ போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. 2015இல் வந்த விஷுவல் நாவல் இது, அதாவது படங்களோடு வரும் கதையைப் படித்துக்கொண்டே, இடையிடையே நாம் தேர்வு செய்து ஆடும் கணினி விளையாட்டு. எழுத்து ஏவி பீ, ஓவியம் மியா ஷ்வார்ட்ஸ், இசை அலெக் லாம்பர்ட்.

கதை நடப்பது ஒரு கிறிஸ்தவக் கோடை முகாமில். நெப்டியூன், ஜூபிடர், வீனஸ் என்று மூன்று பிள்ளைகள். நெப்டியூனுக்கு நாக்கில் விஷம், ஜூபிடர் எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கத் துடிப்பவள், வீனஸுக்குக் கூச்சம். காட்டுக்குள் ஒரு குடிலில் இரவைக் கழித்து, சாத்தான் வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே சாத்தானும் நிஜம், கடவுளும் நிஜம். கடவுள் ரேடியோவில் பேசுவார்.

முதல் தடவை வாக்த்ரூ (எப்படி ஆடுவது என்று படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டி) எதையும் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு தாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான விஷுவல் நாவல் போல என்ன பதில் சொல்லலாம் என்று இது கேட்காது. மூவரில் எந்த இருவர் சேர்ந்திருக்கட்டும் என்று மட்டும் கேட்கும். ஒவ்வொரு முறையும் தனியாக விடப்பட்டவர் பெயரைத் தாளில் குறியுங்கள். யார் அதிகம் ஒதுக்கப்பட்டாரோ அவரைத்தான் கடைசியில் சாத்தான் பிடிக்கும். மற்ற இருவரும் தங்கள் நண்பரையே எதிர்த்துச் சண்டை போட வேண்டியிருக்கும்.

என் முதல் தாளில் வீனஸின் பெயர்தான் வரிசையாக நின்றது. நெப்டியூனும் ஜூபிடரும் முறைத்துக்கொள்வதிலும் ஈர்க்கப்படுவதிலும் அவ்வளவு விறுவிறுப்பு இருந்தது. வாயைத் திறக்காத பிள்ளையை மறப்பது எளிதாக இருந்தது. யாரையும் வெறுக்காமலேயே ஒருவரை ஒதுக்கிவிட முடியும் என்பதை இந்த விளையாட்டு வசனமாகச் சொல்வதில்லை, நம்மையே செய்ய வைக்கிறது. இதன் மிகப் பெரிய பலம் இதுதான்.

அடுத்து, மாயம் எதற்காக வருகிறது என்று கேளுங்கள். ஜூபிடரின் மணிக்கட்டைக் கவனியுங்கள். மனதில் ‘தப்பான’ எண்ணம் வந்தால் அங்கே இருக்கும் ஹேர்பேண்டைச் சுண்டி, தன்னைத்தானே வலிக்க வைத்துக்கொள்வாள். யாரையும் தொடக் கூடாது என்று கையைக் கட்டிப்போட்டு வாழ்பவள். அவளைச் சாத்தான் பிடிக்கும்போது உடலெங்கும் கைகளாக முளைக்கும். அடக்கி வைத்த ஆசை அப்படியே உருவமாகிறது. வீனஸுக்கும் நெப்டியூனுக்கும் வேறு வேறு உருவங்கள். ஒவ்வொன்றையும் அவரவர் முன்பு மறைத்த விஷயத்தோடு பொருத்திப் பாருங்கள். மாயத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கும் என்றால் அந்த மாயம் வெறும் ஜிகினா. இதில் எடுக்கவே முடியாது.

சரி, குறைகள். ஆங்கிலம் கடினம். சொற்கள் கடினமில்லை, ஆனால் பாதி சொல்லிப் பாதி விழுங்கும் அமெரிக்க இளசுகளின் பேச்சு. கிண்டல் எது, காயம் எது என்று பிரித்தறிய நான் சில இடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. குரல் நடிப்பும் இல்லாததால் தொனியைப் பிடிக்க வேறு வழியில்லை. உலகத்தின் விதிகளை விளையாட்டு விளக்குவதே இல்லை. ரேடியோ எப்படி வேலை செய்கிறது, முகாம் எதற்கு என்றெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு எரிச்சல் வரும். எல்லா முடிவுகளையும் பார்க்கத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும், பொதுவான காட்சிகள் மறுபடி வரும். மூன்று தனி முடிவுகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதும் மூன்றாவது தடவை உறுத்துகிறது. பின்னணியில் வரும் புகைப்படங்களைச் சிலர் குறை சொல்கிறார்கள். கோட்டோவியப் பாத்திரங்களுக்குப் பின்னால் நிஜக் காட்டின் படம் நிற்பது எனக்குப் பயத்தைக் கூட்டியது. சுருக்கமாக இருப்பதையும் குறையாக எழுதாதீர்கள், ஒரே மாலையில் முதல் முடிவைத் தொட்டுவிடலாம்.

வீனஸைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கவனம் தேவை. வீனஸ் ட்ரான்ஸ் பெண் (திருநங்கை). விளையாட்டு இதைத் தாமதமாகத்தான் திறந்து காட்டுகிறது, அதுவரை மற்றவர்கள் பையன் என்றே நினைத்துப் பேசுகிறார்கள். இன்னும் ஆடாதவருக்குச் சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லி ஓட்டிவிடலாம். ஆனால் ட்ரான்ஸ் தோழி ஒருவருக்குப் பரிந்துரைத்தால் இதை முன்பே சொல்லிவிடுங்கள். கதையின் திருப்பம் கெட்டாலும் பரவாயில்லை, தன்னைப் போன்ற ஒருவரைப் பையன் என்று தவறாக அழைப்பதை ஓர் இரவு முழுக்கப் படிக்க அவர் தயாரா என்று அவரே முடிவு செய்யட்டும். மத அவமானம், தன்னை வருத்திக்கொள்வது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, மூவரையும் சமமாகப் பார்த்துக்கொண்டால் நான்காவது முடிவு ஒன்று கிடைக்கும். அதை முதலிலேயே தேடிப் போக வேண்டாம். யாரையாவது ஒருவரை இழந்துவிட்டு வந்தால்தான், மூவருமே சாத்தானுக்குச் சம்மதம் சொல்லும் அந்தக் காட்சி ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று புரியும்.