கிளட்ச் சுவிட்சோடு வேலை செய்யும் ரெவ் லிமிட்டரை எடுங்கள்

டிராக் ரேஸில் கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் இருக்க, கிளட்ச் சுவிட்சோடு இணையும், இக்னிஷனை வெட்டும் ரெவ் லிமிட்டரை (என்ஜின் சுழலும் வேகத்துக்கு வரம்பு போடும் கருவி) வாங்குங்கள். கிளட்சை மிதித்ததும், நீங்கள் வைத்த லிமிட்டுக்கு மேலே ஸ்பார்க் நிற்கும், என்ஜின் எகிறாது. விட்ட நொடியே முழு சக்தி திரும்பும். எரிபொருளை வெட்டும் வகை இவ்வளவு சட்டென்று மீளாது.

லிமிட்டை அடுத்த கியரில் என்ஜின் வந்து விழும் வேகத்துக்குச் சற்று மேலே வையுங்கள். 7000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7000 சுற்று) 2.0 கியர் விகிதத்திலிருந்து 1.5க்கு மாறினால் 5250க்கு இறங்கும். அப்போது 5500 சரி. இதைக் கணக்குப் போடாமல் வைக்கவே வைக்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கியருக்கு இது பொருந்தாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) உள்ள வண்டியிலும் வேண்டாம்: எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.