பந்து கையில் நிற்காத பிள்ளைக்கு: வீட்டில் செய்யும் பயிற்சி

பந்து கைக்கு வருமுன் கண்ணை மூடிக்கொள்வது, சமதரையிலும் தடுக்கி விழுவது, ஒற்றைக் காலில் தாவ முடியாமல் தவிப்பது. பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு, கண்ணும் கையும் காலும் ஒத்து இயங்காத இந்த ஒருங்கிணைப்புச் சிக்கல் உண்டு. இது சோம்பலும் அல்ல, அக்கறைக் குறைவும் அல்ல. மற்றப் பிள்ளைகள் பார்த்தே பழகிக்கொள்ளும் அசைவை இவர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆரம்பிக்குமுன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண் பார்வையையும் சோதித்துவிடுங்கள். முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியவில்லை, ஒரு பக்கக் கை கால் மட்டும் வலுவிழந்திருக்கிறது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறது என்றால் பயிற்சியைத் தள்ளிவைத்து உடனே காட்ட வேண்டும். அவை வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

பொதுவான உடற்பயிற்சிகளைவிட, பிள்ளை எதைச் செய்ய ஆசைப்படுகிறதோ அதையே பழக்குவதுதான் பலன் தரும். பந்து பிடிக்க ஆசையென்றால் பந்துதான் பயிற்சி. பலகைமேல் மணிக்கணக்கில் நின்று சமநிலை பழகினாலும் பந்து தானாகக் கைக்கு வந்துவிடாது. வாரத்தில் நான்கைந்து நாள், நாளுக்கு 15 நிமிடம் போதும். ஞாயிறன்று ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட இது நல்லது. களைத்த பிறகு வருவது தவறான அசைவுதான்.

முதலில் பலூன். மெதுவாக இறங்குவதால் பார்க்கவும் கையைக் கொண்டுபோகவும் நேரம் கிடைக்கும், பயமும் விலகும். அடுத்து, 20 முதல் 25 செ.மீ. குறுக்களவுள்ள மெத்தென்ற பந்து. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். இறுக்கமான பந்து விரலில் பட்டதும் தெறித்து ஓடிவிடும். பிள்ளை கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி, முழங்கையைச் சற்று மடக்கி, உள்ளங்கைகளை வயிற்றுக்கு முன்னால் வைத்து நிற்கட்டும். நீங்கள் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, நடுவில் ஒருமுறை தரையில் குத்தி எழும்படி பந்தை விடுங்கள். அது பிடிபட்டதும், கையைக் கீழிருந்து வீசி நேரே நெஞ்சுக்குப் போடலாம். தொடக்கத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார்கள். அதைத் திருத்த வேண்டாம், அதுவும் ஒரு படிதான்.

பத்து வீச்சில் ஏழெட்டுப் பிடிபட்டால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தூரத்தை அரை மீட்டர் கூட்டலாம், அல்லது பந்தைச் சிறிதாக்கலாம், அல்லது ஓரடி பக்கவாட்டில் போடலாம். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எதனால் தவறியது என்று உங்களுக்கே தெரியாது. நான்குக்குக் கீழே போனால் முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது நம் வாய். “கையை நீட்டு, பந்தைப் பார், காலை அகட்டு” என்று மூன்றை அடுக்கினால் பிள்ளை எதையும் செய்யாது. ஒரு நேரத்தில் ஒரு சொல். “கையைச் சரியாக வை” என்பதைவிட, பந்தில் பட்டையாக ஒரு கோடு போட்டு “கோட்டைப் பார்” என்பது சட்டென்று புரியும். தவறவிட்டால் உடனே திருத்தாமல், “எங்கே போச்சு? அடுத்த தடவை என்ன செஞ்சு பாக்கலாம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் வழி அதிக நாள் மனதில் நிற்கும்.

சைக்கிளுக்கும் இதே முறைதான். பக்கச் சக்கரம் மாட்டினால் வண்டி சாயாது, சாயாத வண்டியில் சமநிலை பழக வழியில்லை. ஆகவே பெடல் இரண்டையும் கழற்றி, இரு பாதமும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்கு இருக்கையை இறக்குங்கள். தலைக்கவசம் கட்டாயம். முதலில் உட்கார்ந்தபடி நடக்கட்டும், பிறகு காலால் உந்தட்டும். கைப்பிடியை நீங்கள் பிடிக்காதீர்கள். பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஐந்தாறு மீட்டர் நேராகப் போய், திருப்பவும் நிறுத்தவும் வந்தபிறகு பெடலை மாட்டுங்கள். இருக்கையை அன்றைக்கே உயர்த்த வேண்டாம்.